கிணற்றடியைப் பார்க்கும் கமரா

"அக்கா, பால் பொங்குது."

குரல் குசினிக்குள்ளிருந்து வந்தது. வளவின் பின்பக்கம் முருங்கையிலை ஒடித்துக்கொண்டு நின்ற பியாட்றிஸ் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அடுப்பை நிறுத்தினாள். பொங்கி விளிம்பைத் தொட்ட பால் மெல்லக் கீழே இறங்கியது. குசினியில் ஒருவரும் இல்லை. சுவர் மூலையில், முகட்டோடு ஒட்டினாற்போல், ஒரு வெள்ளைக் கமரா மட்டும் இருந்தது. அதற்குள்ளிருந்து அவளுடைய தம்பி ஜொனதன் கனடாவில் இருந்தபடி கதைத்தான்.

"நான் சொல்லாட்டில் இப்ப அடுப்பு முழுக்கப் பால்தான்."

"ஓமடா தம்பி. நல்லகாலம்," என்று அவள் கமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

அது கமரா பூட்டிய முதல் கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு தேவாலய வாசலில் நின்று இதை எல்லோருக்கும் சொன்னாள். கேட்டவர்களுக்கு வியப்பு ஒன்றும் இல்லை. தங்கள் வீட்டில் எத்தனை கமரா, எந்த மகன் லண்டனிலிருந்து பார்க்கிறான், எந்த மகள் கூப்பிட்டு மருந்து குடிக்கச் சொல்கிறாள் என்று ஆளுக்கொரு கதை அவர்களிடம் இருந்தது. "உங்களுக்கென்ன ரீச்சர், தம்பி பக்கத்திலை இருக்கிற மாதிரித்தானே," என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

பியாட்றிஸுக்கு அறுபத்தொரு வயது. வட்டுக்கோட்டையில் பிறந்து, அங்கேயே சின்ன வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பித்து, அங்கேயே ஓய்வு பெற்றவள். கலியாணம் செய்யவில்லை. தகப்பனையும் பிறகு தாயையும் கடைசிவரை பார்த்தவள் அவள்தான். தாய் செத்தபோது ஜொனதன் வரவில்லை. வேலையில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுச் செத்தவீட்டை இணையத்தில் நேரடியாகப் பார்த்தான். ஊர் அதைப் பற்றிக் கதைத்தது. பியாட்றிஸ் ஒன்றும் கதைக்கவில்லை. ஆனால் மனதுக்குள் அது ஒரு முள்ளாகக் கிடந்தது.

போன வருடம் அயலூரில் தனியே இருந்த ஒரு கிழவர் வீட்டில் கள்ளர் புகுந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஜொனதன் ஒரே பிடியாக நின்றான். பழைய வேலியை எடுத்துவிட்டு, மேலே போத்தல் ஓடு பதித்த மதில் கட்டுவித்தான். கமரா பூட்டுகிற றஜிந்தனைப் பிடித்து, கேற்றடியில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, ஹோலில் ஒன்று, குசினியில் ஒன்று என்று நான்கு கமராக்கள் வைத்தான்.

தனியே இருப்பவர்களுக்குத் தமக்குள் வாய்விட்டுக் கதைக்கிற பழக்கம் வந்துவிடும். பியாட்றிஸுக்கும் இருந்தது. தேங்காய் துருவும்போது செத்துப்போன தாயோடு உப்புப் புளி பற்றி வாதாடுவாள். போதகரின் பிரசங்கத்தில் பிழை கண்ட இடத்தைத் திருத்திச் சொல்லுவாள். அரிசியில் கல்லுக் கண்டால் கடைக்காரனைக் கூப்பிட்டு நிறுத்தி ஏசுவாள். ஒருநாள் அப்படி ஏசிக்கொண்டிருந்தபோது சுவர் மூலை கேட்டது:

"அக்கா, ஆரோடை கதைக்கிறியள்?"

"ஒருத்தரோடையும் இல்லையடா."

"இல்லை, நான் கனநேரமாக் கேட்டுக்கொண்டிருக்கிறன். உங்களுக்கு ஏதும் செய்யுதே? ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுவமே?"

அவன் அன்பாகத்தான் கேட்டான். அவளுக்கு முகம் சூடேறியது. அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். தாயோடு வாதாடுவதும் நின்றது, போதகரைத் திருத்துவதும் நின்றது. வீட்டில் மிச்சம் இருந்தது மின்விசிறிச் சத்தம்தான். தன் வீட்டில் தன்பாட்டில் கதைப்பது பெரிய காரியம் என்று அதுவரை அவள் எண்ணியதே இல்லை. கதவைச் சாத்தாமல் உடுப்பு மாற்றுவது, நின்றபடி சட்டியோடு சாப்பிடுவது, அழுகை வந்தால் நடு ஹோலில் இருந்து அழுவது எல்லாம் அப்படியே. இருக்கும்வரை அவற்றுக்குப் பெயர்கூட இல்லை. இப்போது ஒவ்வொன்றாக எங்கே போய்ச் செய்வது என்று யோசிக்க வேண்டியிருந்தது. அழவேண்டுமென்றால் குளியலறை ஒன்றுதான் இடம்.

பக்கத்து வளவில் மார்க்கண்டுவும் பெண்சாதி பராசக்தியும் இருந்தார்கள். வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்கிற குடும்பம். வேலி இருந்த காலத்தில் அதிலிருந்த பொட்டு இடைவெளிக்குள்ளால் பராசக்தி குனிந்து வந்து குசினி வாசற்படியில் இருந்து ஊர்ப்பட்ட கதையெல்லாம் கதைப்பாள். மதில் வந்ததும் பொட்டு போய்விட்டது. ஒழுங்கையால் சுற்றிக் கேற்றால் வந்தாள். ஒருநாள் தன் மகள் தர்சிகாவின் மாமியார் செய்கிற வேலைகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "பராசக்தி அக்கா, சுகமே?" என்று மேலிருந்து குரல் கேட்டது. பராசக்தி சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு எழும்பினாள்.

"உதுக்குள்ளை எல்லாம் கேக்குமே ரீச்சர்?"

"கேக்கும்தான். தம்பிதானே."

"உங்களுக்குத் தம்பி," என்றாள் பராசக்தி. அதற்குப் பிறகு கேற்றடியில் நின்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போவாள். பிறகு அதுவும் குறைந்தது.

கடைசியாக வந்தது பூட்டு. விலாசம் கேட்டு யாரோ ஒரு ஆள் திறந்த கேற்றால் முற்றம்வரை வந்துவிட்டான். அவன் உண்மையில் விலாசம்தான் கேட்டான். ஆனால் ஜொனதனுக்கு அன்று முழுக்க நித்திரை இல்லை. ஒரு மாதத்துக்குள் றஜிந்தன் வந்து கேற்றுக்கு மின்பூட்டுப் போட்டான். போனில் விரலால் ஒரு பச்சை வட்டத்தைத் தொட்டால் திறக்கும். தானாகவே பூட்டிக்கொள்ளும். அவளுடைய போனாலும் திறக்கலாம், ஜொனதனின் போனாலும் திறக்கலாம். எத்தனை மணிக்குப் போனாள், எத்தனை மணிக்கு வந்தாள் என்பது அவன் போனிலும் விழும்.

"கேற் எண்டால் கொளுவி ஒண்டு போதாதே தம்பி?" என்று அவள் கேட்டாள்.

"அக்கா, நீங்கள் அங்கை தனிய. நான் இஞ்சை எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

அன்பாகச் சொல்கிறவனோடு சண்டை பிடிப்பது எப்படி?

திங்கள், புதன், வெள்ளி பின்னேரங்களில் அவன் கூடுதலாகக் கமராவில் நின்றான். இங்கே பின்னேரம் என்றால் அங்கே விடிகாலை. அந்த நாட்களில் வேலை குறைவு என்று சொன்னான். "என்ன கறி?" "தலைக்கு எண்ணெய் வைச்சனீங்களே?" "கிணத்தடியிலை வழுக்கும், கவனம்." அவளும் மறுமொழி சொல்லிச் சொல்லி, அந்தப் பின்னேரங்களில் வேறெங்கும் போகாமல் இருந்தாள்.

மார்கழி மாதம் ஒரு திங்கட்கிழமை காற்றும் மழையுமாக இருந்தது. பின்னேரம் மழை கொஞ்சம் விட்டபோது மதிலுக்கு அப்பாலிருந்து பராசக்தியின் குரல் கேட்டது.

"ரீச்சர், ஒருக்கா ஓடி வாங்கோ. இவர் விழுந்திட்டார். வாய் ஒரு பக்கமா இழுக்குது. எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை."

பியாட்றிஸ் போனை எடுத்து முதலில் அம்புலன்ஸுக்குச் சொன்னாள். சொல்லிக்கொண்டே கேற்றுக்கு ஓடினாள். பச்சை வட்டத்தைத் தொட்டாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கேற் அசையவில்லை. ஒழுங்கையில் பூவரசங் கொப்பு முறிந்து வயர்களின் மேல் கிடப்பதை அப்போதுதான் கண்டாள். வீட்டு இணைய இணைப்பு அறுந்துவிட்டது. இணைப்பு இல்லாவிட்டால் போன் சொல்வது கேற்றுக்குக் கேட்காது.

ஜொனதனுக்கு எடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தாள். பிறகு றஜிந்தனுக்கு எடுத்தாள்.

"ரீச்சர், இணைப்பு இல்லாட்டில் பூட்டுக்குள்ளை போட்டுத் திறக்கக் கைத்திறப்பு ஒண்டு இருக்கு. என்னட்டைத்தான் இருக்கு. நான் இப்ப தொண்டைமானாத்திலை ஒரு வீட்டிலை வேலை செய்யிறன். உடனை வெளிக்கிட்டாலும் மழைக்குள்ளை ஒரு மணித்தியாலம் போகும்."

"என்ரை வீட்டுத் திறப்பு உன்னட்டை ஏன்?"

"ஜொனதன் அண்ணைதான் சொன்னவர்…" என்று அவன் இழுத்தான்.

அவள் மிச்சத்தைக் கேட்கவில்லை. கேற்றை இரண்டு கையாலும் பிடித்து உலுப்பினாள். தகரம் அதிர்ந்து ஓய்ந்தது. ஒழுங்கை இரண்டு விரல் இடுக்குக்குள்ளால் தெரிந்தது. அதில் ஒருவரும் இல்லை. அந்தப் பக்கம் பராசக்தி புருசனின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டுக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் நின்று கேட்பது போல இருந்தது அவளுக்கு. அம்மாவின் கடைசி மூச்சைக் கேட்டபோதுகூட அவளுக்கு இப்படி இருக்கவில்லை. அப்போது கிட்ட நின்றாள், கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமரத்தடியில் ஏணி கிடந்தது. இழுத்துக்கொண்டு வந்து மதிலில் சாத்தினாள். கோழிக்கூட்டின் மேல் கிடந்த சாக்கை மடித்துப் போத்தல் ஓடுகளின் மேல் போட்டாள். "பராசக்தி, மரவாங்கைக் கொண்டுவந்து மதிலோடை வை," என்று கத்தினாள். ஈரக் காலோடு ஏறினாள். மதில்மேல் குந்தியபோது சாக்கைத் தாண்டி ஒரு ஓடு தொடையைக் கிழித்தது. அந்தப் பக்கம் வாங்கில் கால் வைத்து, வழுக்கி, சேற்றில் விழுந்து, எழும்பி ஓடினாள். போன் ஏணியடியிலேயே கிடந்துவிட்டது.

மார்க்கண்டு வாழையடியில் மல்லாந்து கிடந்தார். சத்தி எடுத்திருந்தார். அது தொண்டைக்குள் போய் அடைத்தபடி கொறகொறத்தது. பியாட்றிஸ் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய்க்குள் விரலை விட்டு வழித்து எடுத்து, தலையைத் தன் மடியில் தாங்கிப் பிடித்தாள். மூச்சு வந்தது. அம்புலன்ஸ் வரும்வரை இரண்டு பெண்களும் அந்தச் சேற்றுக்குள் அப்படியே இருந்தார்கள். பராசக்தி அவளுடைய தோளைப் பிடித்த பிடியை விடவில்லை. அம்புலன்ஸுக்குள்ளும் விடவில்லை. பியாட்றிஸும் கூடவே பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். உயிருக்குப் பயம் இல்லை, வலது கையும் பேச்சும் திரும்ப நாள் எடுக்கும் என்று டொக்டர் சொன்னார்.

அடுத்தநாள் காலை அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கேற்றடியில் றஜிந்தன் திறப்போடு நின்றான்.

"குறை நினையாதேங்கோ ரீச்சர். நீங்கள் எங்கையும் வைச்சுத் துலைச்சுப்போடுவியள் எண்டு அண்ணை என்னட்டை வைச்சிருக்கச் சொன்னவர்."

"நாப்பது பிள்ளையளின்ரை கொப்பியைத் துலைக்காமல் வைச்சிருந்தனான்," என்றாள் பியாட்றிஸ். "ஒரு திறப்பைத் துலைப்பனோ?"

றஜிந்தன் திறந்துவிட்டுத் திறப்பை அவளுடைய கையில் வைத்தான். வயரை இரவோடிரவாகச் சரிப்படுத்தியிருந்தார்கள். ஹோலுக்குள் கால் வைத்ததும் குரல் கேட்டது.

"அக்கா, எங்கை போனீங்கள்? இரா முழுக்க நான் பட்டபாடு. போனை ஏன் எடுக்கேல்லை? அந்தக் காயம் என்ன காலிலை?"

தொலைக்காட்சிக்குக் கீழே கமராக்களின் பெட்டி இருந்தது. குனிந்து அதன் வயரைச் சுவரிலிருந்து இழுத்தெடுத்தாள். பெட்டியில் எரிந்துகொண்டிருந்த சின்ன வெளிச்சங்கள் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன.

பிறகு நடு ஹோலில் நிலத்தில் இருந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடிந்ததும் தாயைக் கூப்பிட்டு நேற்று நடந்ததை முழுக்கச் சொன்னாள். மதிலில் ஏறிய இடத்தைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏணியடியில் கிடந்த போனை எடுத்துத் துடைத்து ஜொனதனுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பினாள்: நான் சுகம், கொஞ்சநாள் என்னை என்பாட்டிலை விடு. அதற்குப் பிறகு அவன் அழைத்தபோது அவள் போனை எடுக்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் போன் அடித்தது. அழைத்தவள் ஜொனதனின் பெண்சாதி ஷரோன். அவள் பிறந்தநாளுக்கும் நத்தாருக்கும் தவிர அழைக்கிறவள் இல்லை.

"மச்சாள், கமராவை ஒருக்காப் போட்டுவிடுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"அவன் என்னை அடைச்சு வைச்சிட்டான் ஷரோன். ஒரு மனுசன் சாகக் கிடக்க நான் கேற்றுக்குள்ளை நிண்டனான்."

"தெரியும். றஜிந்தன் சொன்னவன். பிழைதான். ஆனால் நீங்கள் ஒண்டு அறியேல்லை." அவளுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் விட்டுவிட்டுக் கீச்சிட்டது. "அவருக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யிறேல்லை. நாலு வருசமாச்சு. கிழமையிலை மூண்டு நாள், விடிய வந்து இந்த மெசினிலை படுக்கோணும். நாலு மணித்தியாலம். ரத்தம் முழுக்க வெளியிலை வந்து சுத்தமாகித் திரும்பப் போகோணும். அந்த நேரம் முழுக்க உங்கடை முத்தத்தைப் பாத்துக்கொண்டுதான் கிடப்பார். இண்டைக்குப் போனிலை ஒண்டும் தெரியேல்லை எண்டதும் பாதியிலை ஊசியைக் கழட்டுங்கோ, நான் வீட்டை போப்போறன் எண்டு நிண்டவர். நேர்ஸும் நானும் பிடிச்சுப் படுக்க வைச்சிருக்கிறம்."

திங்கள், புதன், வெள்ளி. பியாட்றிஸ் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"அம்மாவின்ரை செத்தவீட்டுக்கும் அதாலைதான் வரேல்லையோ?"

"ஓம் மச்சாள். அப்பதான் தொடங்கின புதிசு."

"போனை அவனிட்டைக் குடு."

ஜொனதனின் குரல் கமராவில் கேட்பதைவிட மெலிந்து கேட்டது.

"அக்கா, கோவமே?"

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் உங்கடை கிட்னியைத் தாறன் எண்டு நிப்பியள். உங்களுக்குச் சீனி வருத்தம். எடுக்கமாட்டாங்கள். பேந்து அதை நினைச்சு நினைச்சு நீங்கள் உருகுவியள். அதுதான்."

"அதுக்கு என்னைப் பூட்டி வைக்கிறதோ?"

"ஒரு கையிலை ரெண்டு ஊசி குத்தி வைச்சிருக்கினம்," என்றான் அவன். "அசைக்கேலாது. திங்கட்கிழமை நீங்கள் எடுக்கேக்கை அந்த ஊசிதான் குத்திக்கொண்டு நிண்டவை, போனைத் தொட விடேல்லை. பக்கத்திலை கிடக்கிறவை ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கிறதில்லை. நீங்கள் கேற்றால வெளியிலை போனால் முத்தத்திலை ஆளில்லை. அந்த நேரம் எனக்கு… நீங்கள் வீட்டிலை நிண்டால் நானும் வீட்டிலை நிக்கிற மாதிரி. நான் அதை மட்டும்தான் யோசிச்சனான். உங்களை யோசிக்கேல்லை."

அவள் கோபத்தைத் தேடிப் பார்த்தாள். அது இருந்தது. ஆனால் அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்தக் கிழமையே றஜிந்தன் வந்து மின்பூட்டைக் கழற்றி திறப்பால் திறக்கிற ஒரு சாதாரண ஆமைப்பூட்டுப் போட்டான். குசினிக் கமராவும் ஹோல் கமராவும் போயின. கேற்றடியில் இருந்ததையும் அவள் வேண்டாம் என்றாள். கிணற்றடியில் இருந்ததை மட்டும் விடச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். தேவாலயத்துப் பெண்கள், "மூண்டைக் கழட்டிப்போட்டு ஒண்டை ஏன் வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டபோது, "முத்தத்துக்குக் காவல் வேணும்தானே," என்றாள்.

இப்போது திங்கள், புதன், வெள்ளி பின்னேரங்களில் அவள் ஒரு கதிரையைக் கிணற்றடிக்கு எதிரே போட்டுக்கொண்டு இருக்கிறாள். அவள் இருப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எழும்பிப் போனால் அவன் ஒன்றும் சொல்லப்போவதும் இல்லை. திறப்பு அவளுடைய இடுப்பில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த நேரம் வந்தால் கால் கேற்றுப் பக்கம் போவதில்லை. புதன்கிழமை வேதாகம வகுப்பை விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை ஒரு கலியாண வீட்டுக்கும் போகவில்லை. மழை வந்தால் குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

தை மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மார்க்கண்டுவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். ஒழுங்கையில் ஓட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. சற்றுநேரத்தில் மதிலுக்கு மேலால் பராசக்தியின் தலை தெரிந்தது. வாங்கில் ஏறி நின்றாள்.

"ரீச்சர், இவர் உங்களைத்தான் கேக்கிறார். பேச்சு விளங்கேல்லை, ஆனால் உங்களைத்தான் கேக்கிறார். வாங்கோவன்."

பியாட்றிஸ் எழும்பினாள். கிணற்றடித் தூணில் இருந்த கமராவைப் பார்த்தாள்.

"நாளைக்கு விடியவே வாறன் பராசக்தி. இண்டைக்கு ஏலாது."

பராசக்தியும் கமராவைப் பார்த்தாள். அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். "சரி ரீச்சர்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

"போட்டு வாங்கோ அக்கா," என்றான் ஜொனதன். "நான் இருப்பன்தானே."

"நாளைக்குப் போவன்."

அவனுடைய பக்கத்தில் இயந்திரம் கீச்சிட்டது. யாரோ இங்கிலீசில் ஏதோ கேட்க, அவன் மறுமொழி சொன்னான். பிறகு, "அக்கா, ஒண்டு கேக்கட்டே?" என்றான்.

"கேள்."

"எனக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணி எண்டு அளவு இருக்கு. சின்னப் போத்தில் ஒண்டுக்கு மேலை ஏலாது. கூடக் குடிச்சால் நெஞ்சுக்குள்ளை நிக்கும். நான் கிணத்தடியிலை கமரா வைப்பிச்சது கள்ளருக்காக இல்லை. நீங்கள் வாளியாலை அள்ளி, செம்பிலை வார்த்து, அண்ணாந்து குடிக்கிறதைப் பாக்கத்தான். அதைப் பாத்தால் எனக்குத் தொண்டை நனையிற மாதிரி. இப்ப நீங்கள் இஞ்சை வந்து தண்ணியே குடிக்கிறேல்லை."

பியாட்றிஸ் அவனுடைய நோயைப் பற்றிப் பெரியாஸ்பத்திரியில் ஒரு நேர்ஸைக் கேட்டு அறிந்திருந்தாள். தண்ணீர் அளவும் தெரியும். அன்றிலிருந்து குசினிக்குள் போய் மறைந்து நின்றுதான் குடித்தாள்.

"உனக்கு முன்னாலை எப்பிடியடா குடிக்கிறது?"

"குடியுங்கோ அக்கா."

அவள் வாளியை இறக்கினாள். மாரி மழைக்குக் கிணறு நிறைந்து கிடந்தது, கயிறு பாதிகூடப் போகவில்லை. செம்பில் வார்த்தாள். அண்ணாந்து வாய்க்குள் விட்டாள். தண்ணீர் குளிர்ந்து இறங்கியது. எந்த ருசியும் தெரியவில்லை. அறுபத்தொரு வருடம் குடித்த தண்ணீர், ஒவ்வொரு மிடறும் தொண்டையில் நின்று நின்று போனது.

"இன்னும் கொஞ்சம்," என்றான் அவன்.

அவளுக்குத் தாகம் இல்லை. இன்னொரு செம்பு வார்த்துக்கொண்டு, அவனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, கமராப் பக்கம் திரும்பி நின்றாள்.